சிவந்துபோன உன் மாநிலமும் ஆவூர் வாக்காளர் பட்டியலும்

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
நவம்பர் 12

அன்பு மகள் ஃபெமினாவுக்கு அப்பா லூர்துநாதன் ஆசீரோடு எழுதிக்கொள்வது. என் முழங்கால் நீங்கலாக இங்கே நானும் உன் அம்மாவும் மாதா புண்ணியத்தில் சுகம். உன் ஆஸ்பத்திரி வேலையும் அந்தக் குளிரும் எப்படி இருக்கின்றன என்று எழுது. போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். தவிர, இது போனில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை.

முதலில் டாலர் தேசத்தில் நீ இருக்கிற மாநிலத்துத் தேர்தல் முடிவு. முப்பது வருஷம் வாத்தியாராக எலெக்‌ஷன் டூட்டி பார்த்தவனுக்கு அக்கறை இல்லாமல் இருக்குமா? அன்றைக்குப் போனும் கையுமாகவே உட்கார்ந்திருந்தேன். ஒரே ஓட்டுச்சீட்டில் நாட்டு மேல்சபைக்கு ஒருத்தர், கீழ்சபைக்கு ஒருத்தர், அப்புறம் மாநிலத்துக் கவர்னர், அரசு வக்கீல், தணிக்கை அதிகாரி வரைக்கும் நீங்களே ஓட்டுப் போட்டு எடுக்கிறீர்களாமே. இங்கே கவர்னரை நம்மைக் கேட்டா போடுகிறார்கள்? விரலில் மையும் வைப்பதில்லையாம், எந்த நம்பிக்கையில் நடத்துகிறார்களோ. கவுண்டி என்கிற உன் ஜில்லாவில் பதிவான மொத்த ஓட்டு நம்ம ஆவூர்த் தேர்க் கூட்டத்தில் கால்வாசிகூட இல்லை. நானும் நாலு வாத்தியாரும் உட்கார்ந்தால் டீ வருவதற்குள் எண்ணி முடித்திருப்போம்.

இந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுச் சிவசாமி வந்தார். விவசாயச் சங்கத்தில் நாற்பது வருஷமாகச் செங்கொடி பிடிக்கிற மனுஷன், நம்ம பூத்தில் அவர் கட்சி ஒருமுறைகூட முந்தியதில்லை. என் போனில் உன் மாநிலத்து மேப்பைப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் சிவப்பு. அங்கே என்ன தொழில் என்று கேட்டார். கோதுமை, சோளம், மாடு என்றேன். அவ்வளவுதான், துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஃபெமினா ஊரு முழுக்கச் செவந்துருச்சு வாத்தியாரே. உசுரோட இருக்கையிலயே பாத்துட்டேன்" என்று சிரித்தார். அங்கே சிவப்பு என்றால் வேறு கட்சி, இவர் கொடியைக் கண்டாலே கதவைச் சாத்துகிற கட்சி என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் சம்சாரம் மீனம்மாள் போய்ச்சேர்ந்ததிலிருந்து இந்த மனுஷன் சிரித்து நான் பார்க்கவில்லை, அதனால் விழுங்கிவிட்டேன். அவர் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி நார்த்தாமலைத் தோழர்கள் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். உன்னைப் போனில் கூப்பிட்டு வாழ்த்துவார். நன்றி தோழர் என்று சொல்லி நிறுத்திக்கொள், விளக்கம் எதுவும் வேண்டாம்.

அதற்கப்புறம்தான் நீ கூப்பிட்டாய். கவர்னருக்கு நின்ற அந்த மாட்டு டாக்டர் அம்மா தோத்துட்டாங்கப்பா, அவங்களுக்குத்தான் போட்டேன் என்று மூக்கை உறிஞ்சினாய். நானும் பெரிய இவன் மாதிரி, தோத்தா என்னம்மா, அடுத்த தடவை இருக்குன்னு ஆறுதல் சொல்லி வச்சேன். மீன் கழுவிக்கிட்டிருந்த உன் அம்மாதான் தலையைத் தூக்காமச் சொன்னா: "ஓட்டுப் போட்டாளாமா? அப்ப அவ அந்தூர்க்காரி ஆயிட்டாள்ல."

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. வேற நாட்டு பாஸ்போர்ட் வாங்கிட்டே, எங்ககிட்டச் சொல்லலை. கோபமெல்லாம் இல்லை. இல்லை, கொஞ்சம் இருந்துச்சு, அன்னைக்கு மீன் குழம்பு இறங்கலை. ஒன்பது வருஷமா வாக்காளர் பட்டியல் திருத்தம் வர்றப்பல்லாம், அதுக்குப் பொறுப்பான நம்ம பிரகதீஸ்வரி டீச்சர் வீட்டுக்கு வந்து ஃபெமினா இங்கிட்டு இருக்காங்களா சார்னு கேக்கும். லீவுல போயிருக்கும்மா, வந்துரும்பேன். ஒன்பது வருஷ லீவை எந்த ஹெட்மாஸ்டர் கொடுப்பார்? அந்தப் பொண்ணும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு டிக் அடிச்சுட்டுப் போகும். பட்டியல்ல நான் 412, அம்மா 413, நீ 414. வரிசையாப் பாக்குறப்ப மூணு பேரும் ஒண்ணா சாப்பிட உக்காந்த மாதிரி இருக்கும். முதல் ஓட்டுப் போட்டுட்டு அந்த மை வச்ச விரலை நீட்டிக்கிட்டே ஒரு வாரம் காலேஜ் பஸ் ஏறினியே, ஞாபகம் இருக்கா?

நேத்து டீச்சர் வந்துச்சு. இந்தத் தடவை பொய் சொல்ல வாய் வரலை. வேற நாட்டுக்காரி ஆனவளுக்கு இங்கே ஓட்டு கிடையாது, டூட்டி பாத்தவனே சட்டத்தை மீறலாமா? பேர் நீக்குற படிவத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, காரணம்ங்கிற கட்டத்துல 'நிரந்தரமாகக் குடிபெயர்ந்தார்'னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். வேலை முடிஞ்சுது. அதனால நீ மனசைப் போட்டு உழப்பிக்காதே. அங்கேயே நல்லா ஓட்டுப் போடு, அந்த டாக்டர் அம்மாவையும் ஜெயிக்க வை. இனிமே எங்ககிட்ட எதையும் மறைக்காதே, அப்பா தாங்குவேன்.

அந்தப் பனியிலும் மாதா உன் கூடவே நடக்கட்டும். நெற்றியில் நான் சிலுவை போட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கு. அம்மா உன்னை ஸ்வெட்டர் போடச் சொல்கிறாள்.

அன்புள்ள அப்பா,
லூர்துநாதன்

பின்குறிப்பு: படிவத்தைக் கொடுக்கவில்லை. பைபிளுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். காரணக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. நீயே நேரில் வந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி விதி எதுவும் இல்லையே சார் என்றது பிரகதீஸ்வரி டீச்சர். விதி நான் போட்டதும்மா என்றேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் கொடுத்திருக்கிறது.