தலையை ஆட்டியது நான் அல்ல

இபாதான்,
சனிக்கிழமை காலை, வாய் கழுவிய பிறகு.

பெருமதிப்புக்குரிய மைத்துனர், பல் டாக்டர் ஒலுஜிமி அவர்களுக்கு,

தங்கள் தங்கை அஷாகேயின் கணவனும், குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருடம் பம்பு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவனுமான ஒயேதிரன் தலைவணங்கி எழுதுவது. தலைவணங்கி என்று எழுதவே இந்த வாரம் எனக்குக் கை கூசுகிறது, காரணம் கீழே வருகிறது. இங்கு அனைவரும் நலம். இலோரினில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். அங்கே மழை எப்படி என்று விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இப்போது மழையைப் பற்றிக் கேட்க நேரமில்லை. அவசரமாக ஒரு சான்றிதழ் வேண்டும்.

மச்சான், முதலில் நல்ல செய்தி. இயந்திரம் முடிந்துவிட்டது! போன மாதம் படம் வரைந்து அனுப்பினேனே, அதேதான். இருபத்தெட்டுப் பல்லையும் ஒரே நேரத்தில் துலக்கி, ஒரே நேரத்தில் மருந்தும் பூசுகிற இயந்திரம், உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டாலும் இபாதானில் இது ஒன்றுதான். சைக்கிள் டியூபை வெட்டி, என் மேல்வாய்க்கும் கீழ்வாய்க்கும் அளவெடுத்து, பல்வரிசையைக் கவ்வும்படி குதிரை லாடம்போல் இரண்டு லாடம் செய்தேன். சந்தையில் நல்ல கசப்புப் பல்குச்சியாகப் பார்த்து ஒரு கட்டு வாங்கி, நுனியை மென்று நாராக்கி, நறுக்கி, லாடம் முழுக்க நட்டேன். அத்தனை குச்சியையும் நானே மென்றேன் மச்சான், மூன்று நாள் சோறு எது, சூப்பு எது என்று நாக்குக்குத் தெரியவில்லை. பழைய மேசை விசிறியின் மோட்டாரைக் கழற்றி, ஒரு தண்டு வைத்து, வாசல் பெருக்குவதுபோல் லாடம் இடமும் வலமும் ஓடும்படி பொருத்தினேன். பல்லை ஈறிலிருந்து மேலும் கீழுமாகத்தான் துலக்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது என்று நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். மகள் மொரேனிகே அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். நான்தான் கேட்கவில்லை. எது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒரு பம்பு மெக்கானிக்குக்குச் சொல்லித் தர வேண்டுமா என்று இருந்துவிட்டேன்.

அடுத்தது மருந்து. கிராம்பு, உப்பு, சுண்ணாம்புத் தூள், இவை பல்லில் ஒட்டி நிற்க வேண்டுமே, அதற்காக வடக்கிலிருந்து வருகிற கருவேலம் பிசின் ஒரு கை. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் அது கூழாகவே இருக்கும். ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

இப்போது அகின்லாபி விஷயம். டுக்பே சந்தையில், பஸ் நிற்கிற இடத்தில், பாட்டரியில் ஓடும் பல் பிரஷ் விற்கிறானே, அவன்தான். அவனுக்கு மொரேனிகேயைக் கேட்டு இரண்டு வருடமாக ஆள் வருகிறது, இரண்டு வருடமாக நானும் பிடி கொடுக்கவில்லை. பையன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் முந்தைய கண்டுபிடிப்பு, சைக்கிள் பம்பால் பல்லிடுக்கில் தண்ணீர் அடிப்பது, அதைப் பக்கத்து வீட்டுப் பெயர்சூட்டு விழாவில் அத்தனை பேர் நடுவில் பார்த்துவிட்டு, "பாபா, இது கொசு மருந்து அடிக்கிறதா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மொரேனிகேயும் சிரித்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "என் வாயிலிருந்து சம்மதம் என்கிற வார்த்தை வராது" என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். இன்றுவரை வரவும் இல்லை, இதை நீங்கள் நன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கொல்லைப்புறம் உட்கார்ந்து, லாடம் நிறைய மருந்தை அப்பி, வாயில் வைத்து, கடித்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டேன். கரண்ட் இல்லை. சரி, இப்போது வந்துவிடும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். மருந்தை வீணாக்க மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, வாயைத் திறக்க முடியவில்லை, பிசின் இறுகிவிட்டது. இரண்டு கையையும் எடுக்க முடியாது, எடுத்தால் மோட்டாரின் கனம் தாடையைப் பெயர்த்துவிடும். சுவிட்சை அணைக்கவும் கை இல்லை. மோட்டாரைக் குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாராவது வருவார்களா என்று, செருகியபடியே இருந்த நீள ஒயரையும் இழுத்துக்கொண்டு முன்னறைக்கு நடந்தேன். அங்கே அகின்லாபியின் பெரிய தாத்தா ஒகுன்லேயே, தரகு பேசுகிற இயா ஷேகி, இன்னும் இரண்டு பெரியவர்கள், எல்லோரும் தொப்பியும் தலைத்துணியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள்! நடுவில் தட்டில், பெண் கேட்க வைக்கிற கோலாக் கொட்டை.

யாரும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. காலையில் வாய் கழுவி முடிக்காதவனிடம் பேசக் கூடாது என்பது நம் வழக்கமாயிற்றே, அவர்களுக்குத் தெரியாதா, மரியாதையாகக் காத்திருந்தார்கள். என் கண் பிதுங்குவதை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் இயா ஷேகிதான் பொறுமை இழந்தாள்.

"இன்னும் எத்தனை பல்லு பாக்கி? ஆகாரா வடை ஆறிப்போவுது!"

"அவரை விடு" என்றார் ஒகுன்லேயே. "பல்குச்சியைக் கடிச்சிக்கிட்டே ம் கொட்டினா போதாதா? ஒயேதிரன், வாயைத் தொறக்க வேணாம். எங்க பையனுக்கு உங்க பொண்ணைக் குடுக்கச் சம்மதமா?"

வேண்டாம் என்று உயிரைக் கொடுத்துக் கத்தினேன் மச்சான். அந்தச் சொல்லில் கடைசி எழுத்து மட்டும்தான் வெளியே வந்தது.

"ம்ம்ம்!"

"ம் சொல்லிட்டார்!" என்று இயா ஷேகி எழுந்துவிட்டாள். "இரு, முறைப்படி மூணு தடவை கேக்கணும்" என்று பெரியவர் இரண்டாம் முறை கேட்டார். தலையை இடவலமாக ஆட்ட முயன்றேன், மோட்டார் கனத்தில் கழுத்து அசையவில்லை. மூன்றாம் முறை "சம்மதமா?" என்று அவர் கேட்ட அந்த நொடியில், தெருவெங்கும் பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். கரண்ட் வந்துவிட்டது.

மச்சான், என் தலை ஆடிய ஆட்டத்தை நான் எப்படி எழுதுவேன்! மேலும் கீழும், மேலும் கீழும், என் தொப்பி தெறித்து கோலாத் தட்டில் விழுந்தது. "போதும் ஒயேதிரன், போதும், புரிஞ்சிடுச்சு!" என்று பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். "இவ்வளவு ஆசையை மனசுல வெச்சிக்கிட்டா ரெண்டு வருஷம் அலைய விட்டீங்க?" என்று இயா ஷேகி கேட்டாள். ஒருவர் கண் துடைத்தார். உங்கள் தங்கை கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "இந்த மனுஷன் வாயை மூடினப்பதான் இந்த வீட்டுல ஒரு நல்ல காரியம் நடக்குது" என்றாள். நான் நியாயம் கேட்கிறேன், இதெல்லாம் ஒரு சம்மதமா?

மொரேனிகே ஓடிப்போய் சுவிட்சை அணைத்து, அகின்லாபியைக் கூட்டி வந்தாள். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அது உண்மை. "பாபா, மூக்கால மூச்சு விடுங்க, பயப்படாதீங்க" என்று சொல்லி, ஒகி கஞ்சிக்கு வைத்திருந்த வெந்நீரை எடுத்து, ஒரு பிரஷ் முனையால் சொட்டுச் சொட்டாக ஈறோரம் விட்டு, முக்கால் மணி நேரம் பக்கத்தில் மண்டியிட்டு, லாடத்தைக் கழற்றினான். வாய் திறந்ததும் சம்மதம் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவன் லாடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாபா, நான் விக்கிறது ஒவ்வொரு பல்லாத்தான் தேய்க்கும். இதை யார் செஞ்சாங்க?" என்று கேட்டுவிட்டான். என்னை அறியாமல், "கடைவாய்ப் பல்லைப் பாரு, கடைவாய்ப் பல்லைப் பாரு!" என்று வாயைப் பிளந்து காட்டினேன். பல் எல்லாம் முட்டை ஓடு மாதிரி வெள்ளை!

அதன்பிறகுதான் சுதாரித்துக்கொண்டு வாதாடினேன். வாய் கழுவாமல் சொன்ன சொல் சொல்லே அல்ல என்றேன். ஒகுன்லேயே ஒரே போடாகப் போட்டார். "இருபத்தெட்டுப் பல்லையும் ஒண்ணாக் கழுவிக்கிட்டே சொன்ன சொல்லு ஐயா இது. இந்த ஊர்ல இதைவிடச் சுத்தமான வாய்லேருந்து யாரும் சம்மதம் சொன்னதில்ல." சீர்வரிசைக்கு நாற்பத்திரண்டு யாம் கிழங்குக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்கள், வருகிற சனிக்கிழமை நிச்சயதார்த்தம்.

ஆகவே மச்சான், தாங்கள் உடனே தங்கள் மருத்துவமனைத் தாளில், வாயில் பிசினும் கையில் மோட்டாரும் உள்ள மனிதனின் தலையாட்டல் மருத்துவப்படி சம்மதம் ஆகாது என்று எழுதி, முத்திரை குத்தி, பஸ்காரனிடம் கொடுத்தனுப்ப வேண்டும். என் மானம் தங்கள் முத்திரையில் இருக்கிறது. மகளைக் கொடுப்பதானால் நான் வாய் திறந்து, நானே சொல்லிக் கொடுக்க வேண்டும், விசிறி மோட்டார் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் வீட்டில் ஒருவருக்கும் பல்வலி வராதிருக்கட்டும், இலோரினில் மற்ற எல்லோருக்கும் அளவாக வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
ஒயேதிரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் பிசின் எடுக்கக் கொல்லைக்குப் போனேன். ஒரு சந்தேகம் வந்து இயந்திரத்தைத் திருப்பிப் பார்த்தேன். நான் பொருத்தியது இடவலம், செவ்வாயன்று ஆடியது மேலும் கீழும். அன்று நான் பொருத்தியபடியே ஓடியிருந்தால், அந்த மூன்றாம் கேள்விக்கு என் தலை வீட்டைவிட்டுத் தெறிக்கிற அளவுக்கு மறுத்திருக்கும் மச்சான்! மொரேனிகேயைக் கூப்பிட்டேன். "மாமா சொன்னபடி முந்தின நாளே நான்தான் திருப்பி வெச்சேன்பா. உங்க ஈறு புண்ணாயிடும்னு. அவங்க வர்றது எனக்குத் தெரியாது, சத்தியமா" என்றாள். சத்தியம் செய்யும்போது சிரிப்பை அடக்கினாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தண்டை மறுபடி பார்த்தேன். நான்கு திருகாணி, அடியில் நான்கு வளையம், ஒன்றுகூட லொடலொடக்கவில்லை. என்னிடம் வேலை கற்றவர்களில் ஒருத்தன்கூட அப்படி முடுக்கியதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, எழுதுவதற்கு வெட்கமில்லை. வாயை நன்றாகக் கழுவிக்கொண்டு, அவளை எதிரே உட்காரவைத்து, மூன்று முறை சம்மதம் என்று நானே சொல்லிவிட்டேன். சான்றிதழ் வேண்டாம். வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள், வரும்போது தாடை வலிக்கு ஏதாவது கொண்டுவாருங்கள், மாப்பிள்ளைக்கும் சேர்த்து. புது லாடத்துக்கு இன்று அவன் வாயை அளவெடுத்திருக்கிறேன்.