காப்பீட்டுக்குப் பதில் இரும்பு உடம்பு

உலகத்தில் இரும்பு உடம்புக்காரர் என்று ஓர் இனம் உண்டு. துருக்கியிலிருந்து ஓடிவந்து, ஜப்பானில் அடைக்கலம் கேட்டுக் காத்துக்கிடக்கும் எங்கள் கவாகுச்சி நகரத்துக் குர்துகள் நடுவே அது சற்று அதிகம். பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். இருமலை விழுங்குவார், காய்ச்சலை வெயில் என்பார், ஆணியை மிதித்தால் ஆணிக்காகப் பரிதாபப்படுவார். இவர்களில் தலைசிறந்தவர் மெமிக் மாமா. என்னையும் சேர்த்துக்கொண்டால் அவர் இரண்டாவது.

மாமாவின் மருமகனுக்குப் பழைய வீடுகளை இடிக்கும் தொழில். மாமாவுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது என்பதால் அங்கே சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போவார். வேடிக்கை பார்த்துவிட்டுத் தலைமுடி முழுக்கச் சுண்ணாம்போடு திரும்புவார்.

பிறக்கும்போதே அவர் இரும்பா? இல்லை, காப்பீடு தேடி அலைந்து இரும்பானவர். அடைக்கலம் கேட்டவர்களில் ஆறு மாத அனுமதி வாங்கியவருக்கு மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. மாமாவின் மனு இரண்டு முறை தள்ளுபடியாகி, மூன்றாவது எங்கோ ஓர் அலமாரியில் தூங்குகிறது. கையில் இருப்பது, காவலிலிருந்து தற்காலிகமாக வெளியே விட்டிருக்கிறோம் என்ற தாள் ஒன்றுதான். நகர அலுவலகத்தில் அதைப் பார்த்த எழுத்தர் எழுந்து நின்று இடுப்பு வரை குனிந்தார். ஆகா, என்ன மரியாதை என்று மாமாவும் குனிந்தார். ‘கிடையாது’ என்பதற்கு இங்கே அதுதான் சைகை. அடுத்து ஒரு தனியார் காப்பீட்டுக் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினார். குடியிருப்பு அட்டை எண் கேட்டார்கள். இல்லை என்றதும் பாட்டுப் போட்டார்கள். அரை மணி நேரம் நல்ல பாட்டு.

அன்றே தீர்மானம் போட்டார்: இனி நம் வீட்டில் வியாதி கிடையாது. எட்டாத பழம் புளிக்கும் என்பார்கள். எட்டாத மருந்து கசக்காதா?

வசந்த காலத்தில், சமூகக் கூடத்தில் தொண்டு டாக்டர்கள் இலவசமாக உடம்பைப் பார்த்தார்கள். மாமா போனார், ‘தோனேவுக்குத் துணையாக’. தோனே அத்தை அவர் மனைவி. அவரைத் துணைக்கு அழைத்ததாக அத்தைக்கு ஞாபகம் இல்லை.

“இடுப்புல வலி இருக்கா?” என்றார் டாக்டர்.

“டைஜோபு.”

ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள் என்று பொருள். மாமா பேசும் ஜப்பான் மொழியில் முக்கால் பங்கு அந்த ஒரு சொல்தான்.

“ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல்?”

“டைஜோபு.”

“நடக்கறப்ப சுவரைப் புடிச்சுக்கிறாரு, அதைக் கேளுங்க டாக்டர்!” என்றாள் அத்தை.

“வீடு இடிக்கிறவன் சுவரைத் தட்டிப் பாப்பான்டி. உனக்கென்ன தெரியும்!”

டாக்டர் பாவம், சொன்னதைத்தான் எழுத முடியும். ‘இன்று குறை எதுவும் காணப்படவில்லை’ என்று முத்திரையோடு ஒரு தாள் வந்தது. மாமா அதை லேமினேஷன் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அட்டை மாதிரியே இருந்தது. அட்டை வைத்திருக்கும் பொறாமைக்காரர்களுக்கு டீக்கடையில் எடுத்துக் காட்டவும் செய்தார்.

ஜூன் மாதம் சிறுநீரகத்தில் கல் கிளம்பியது. ஆறு நாள் பார்ஸ்லித் தழையைக் கொதிக்கவைத்துக் குடித்தார். ஏழாம் நாள் சிறுநீர் நின்றது, குளிர்காய்ச்சல் வந்தது, அத்தை அவரைக் காருக்குள் தள்ளினாள். வைத்தியம் ஆளைக் காப்பாற்றுமா, இல்லை அதற்குள் ஆளின் வாய் முந்திக்கொண்டு ‘டைஜோபு’ என்றுவிடுமா என்பதுதான் இப்போது கேள்வி.

“காப்பீட்டு அட்டை கொடுங்க” என்றாள் மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண்.

மாமா, இரண்டாக மடிந்தபடியே, லேமினேஷன் தாளை நீட்டினார். அவள் இரண்டு முறை படித்தாள்.

“ஐயா, உங்களுக்கு வியாதியே இல்லைன்னு இதுல போட்டிருக்கே?”

“ஆமாம்மா. சும்மா… இந்தப் பக்கம் வந்தோம்…”

அவள் உள்ளிருந்து ஓர் அம்மாளை அழைத்து வந்தாள். அட்டை இல்லாதவர்களுக்கு வழி தேடித் தருவது அந்த அம்மாளின் வேலை. “இங்க ஒரு உதவித் திட்டம் இருக்குங்க. ஆனா நோயாளியே சொல்லணும், வலிக்குது, அட்டை இல்லைன்னு. ரெண்டே வார்த்தை.”

மாமா சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வியர்த்தார். ஒன்பது வருடமாக அதிகாரிகள் முன்னால் ‘என் உயிருக்கு ஆபத்து’ என்று சொல்கிறார், ஒருவரும் நம்பவில்லை. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று ஒரே ஒரு முறை சொன்னார். உடனே நம்பி முத்திரை குத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் மனிதன் எதைச் சொல்வது?

“சொல்லித் தொலைங்களேன்!” அத்தையின் குரல் உடைந்தது. “அங்க தப்பிச்சு வந்தது இங்க வந்து வீம்புக்குச் சாகறதுக்கா?”

“…வலிக்குது” என்றார் மாமா. அது அவர் குரல் மாதிரியே இல்லை. “அட்டை இல்ல.”

கல்லை எடுத்துவிட்டார்கள். பத்தே நாளில் டீக்கடைக்கு வந்துவிட்டார். “இவ்வளவு பெரிய கல்லை டாக்டரே பாத்ததில்லையாம்டா. என்னைப் பாக்கணும்னு அவங்களா ஆசைப்பட்டுக் கூப்பிட்டாங்க!” நான் டீயை ஒரு பக்கக் கன்னத்திலேயே ஒதுக்கிக் குடித்தேன். மறுபக்கம் பல்வலி. வலி என்று சொல்லக் கூடாது. பல் சற்றுத் தன் இருப்பைத் தெரிவிக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களிடம் அட்டை இருக்கிறது. ஆனால் ஒன்று: இதைப் படிக்கும்போதே உங்கள் கை உடம்பில் ஏதோ ஓர் இடத்தை அமுக்கிப் பார்த்துக்கொள்கிறதே, அது எத்தனை நாளாக?