நாற்பத்தேழாவது மனு

கப்பலில் வந்தவர்கள் நூறாண்டு ஆண்டுவிட்டுக் கப்பலிலேயே திரும்பிப் போன நாடு ஒன்று உண்டு. நெடுந்துறை நாடு என்று பெயர். போகும்போது அவர்கள் மூன்று பொருள்களை விட்டுச் சென்றார்கள்: பத்து நிமிடம் பிந்தி ஓடும் மணிக்கூண்டு, குண்டு இல்லாத பீரங்கி, ஒரு விடைச்சுவடி. தங்கள் மொழியில் நான்கு வாக்கியங்களைக் கொடுத்துச் சரியானது எது என்று கேட்கும் பரீட்சை ஒன்றை அவர்கள் நடத்தி வந்தார்கள். அதற்கான விடைகள் அந்தச் சுவடியில் இருந்தன. முதல் கேள்விக்கு இ, இரண்டாவதற்கு அ, மூன்றாவதற்கு மறுபடியும் இ, இப்படியே நூறு வரை. கேள்விகள் இருந்த புத்தகத்தைக் கருவாடு பொதிய எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள்.

கேள்வி போனால் என்ன, விடை இருக்கிறதே என்று மன்னர் மகிழ்ந்தார். சுவடியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அதற்கென்று ஓர் அமைச்சகமும் அமைத்தார். திருத்த அமைச்சராக நியமனம் பெற்ற பூலோகநாதர் அன்றே முதல் ஆணையைப் பிறப்பித்தார். இனிமேல் குடிமக்கள் தங்கள் குறையைக் கப்பல்மொழியில் ஒரே வாக்கியமாக எழுதித் தர வேண்டும். அமைச்சகம் அதை நான்கு விதமாக எழுதிக் காட்டும். மனு எத்தனையாவதோ அத்தனையாவது விடையைச் சுவடியில் பார்ப்பார்கள். மனுதாரர் தேர்ந்தெடுத்ததும் சுவடி சொல்வதும் ஒன்றானால் குறை தீர்க்கப்படும். ஒன்றாகாவிட்டால் அப்படி ஒரு குறை நாட்டில் இல்லை என்று பதிவாகும். நூறு மனு முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

நான் இந்தக் கதையைச் சொல்வது நன்றிக் கடனுக்காக. நான் கீழ்க்குளத்துக்காரன். பெரிய குளத்தின் கரைக்குக் கீழே இருக்கிற ஊர் எங்களுடையது. குளம் நிறைந்தால் எங்கள் கூரையைவிட உயரத்தில் தண்ணீர் நிற்கும். எங்களுக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது அந்த மண்கரை ஒன்றுதான்.

அந்தக் கரையில் ஆடி மாதம் விரிசல் கண்டது. முதலில் பார்த்தவள் வெயிலாச்சி. மடை திறந்து மூடுகிற வேலை அவளுடையது. தினமும் கரையில் நடப்பவள் என்பதால் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. எங்கள் ஊர்க் கொத்தனார் பிச்சாண்டி அன்றே நாலு கூடை களிமண்ணைக் கொண்டுபோய் அடைத்தார். அரசாங்கக் கரையை அனுமதியில்லாமல் தொட்ட குற்றத்துக்காக அவரை மறுநாள் பிடித்துக்கொண்டு போனார்கள். அடைத்த மண்ணையும் சாட்சிப் பொருளாகத் தோண்டி எடுத்துக்கொண்டார்கள்.

அனுமதி வாங்க வெயிலாச்சி தலைநகரத்துக்கு நடந்தாள். பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுத்த வாக்கியம் அவள் கையில் இருந்தது. அமைச்சகத்தில் அதை நான்காக எழுதிக் காட்டினார்கள். கப்பல்மொழியில் அது எப்படியோ, நம் மொழியில் சொன்னால் கரையில் விரிசலா, கரைக்கு விரிசலா, கரையால் விரிசலா, கரையோடு விரிசலா என்பதுதான் கேள்வி.

"கரையிலதான் ஐயா விரிசல். நானே கைய விட்டுப் பார்த்தேன், முழங்கை வரைக்கும் போவுது" என்றாள் வெயிலாச்சி.

பூலோகநாதர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "சுவடியின்படி, கரையோடு விரிசல் என்பதே சரி. பிழையான வாக்கியத்தில் உள்ள விரிசல் விரிசலாகாது. அம்மையார் நிம்மதியாக ஊர் திரும்பலாம்" என்றார்.

அவள் ஆவணியில் மறுபடி போனாள். இந்த முறை கரையோடு விரிசல் என்று சொன்னாள். மனு எண் மாறிவிட்டதால் அதுவும் பிழையாயிற்று. இதற்கிடையே இரண்டாவது ஆணை வந்தது. ஒவ்வொரு மனுவும் அரசுக்கு நன்றி சொல்லித் தொடங்க வேண்டும். நாங்கள் விரிசலுக்கு நன்றி சொன்னோம். பிறகு மூன்றாவது ஆணை வந்தது. வாக்கியத் தேர்வில் தேறாதவர்கள் கொத்துக்கரண்டி பிடிக்கக் கூடாது. தேறிய கொத்தனார்களுக்குக் களிமண் எது, வண்டல் எது என்று தெரியவில்லை. சிறையிலிருந்து வந்த பிச்சாண்டிக்குத் தெரியும், ஆனால் அவர் தேர்வில் நூற்றுக்கு ஒன்பது. புரட்டாசியில் மூன்றாம் முறையும் வெயிலாச்சி தோற்றுத் திரும்பினாள். அப்போது விரிசலுக்குள் அவள் கை தோள்வரை போனது. கிழக்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது.

அமைச்சகத்தில் ஞானதிரவியம் என்று ஒருவர் இருந்தார். ஒரு வாக்கியத்தை நான்காக எழுதிக் கொடுப்பது அவர் உத்தியோகம். பதினெட்டு வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தார். சுவடியை அவர் கண்ணால் கண்டதில்லை. விடை அவருக்கும் தெரியாது. நான்காம் முறை வந்து நின்ற வெயிலாச்சியைப் பார்த்து அவர் மெதுவாகக் கேட்டார்.

"கரைக்குக் கீழ எத்தனை பேரும்மா இருக்கீங்க?"

"ஓட்டு உள்ளவங்க முந்நூத்திப் பன்னெண்டு பேரு அண்ணாச்சி. பிள்ளைங்கள எண்ணல."

அவர் தாளை எடுத்தார். உட்கார்ந்து எழுதினார். வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுதி முடித்துவிட்டார் என்று வெயிலாச்சி பிற்பாடு சொன்னாள்.

அன்றைக்கு அவளுடையது நாற்பத்தேழாவது மனு. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கடைசி வாக்கியத்தின் மேல் விரலை வைத்து, "இது" என்றாள். பூலோகநாதர் பெட்டியைத் திறந்தார்.

"நாற்பத்தேழுக்கு விடை ஆ. இவள் தொட்டது ஈ. ஆகவே பிழை. அடுத்தவர் வரலாம்."

"ஐயா, ஆவையும் ஈயையும் ஒருமுறை வாசித்துவிட்டுச் சொல்லலாமே" என்றார் ஞானதிரவியம்.

அமைச்சர் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். பிறகு அ, இ இரண்டையும் வாசித்தார். நான்கு இடத்திலும் ஒரே வாக்கியம்தான் இருந்தது. எழுத்துக்கு எழுத்து வெயிலாச்சி கொண்டுவந்த வாக்கியம்.

"என்ன ஐயா இது? நான்காக எழுத வேண்டும் என்பது ஆணை."

"நான்காகத்தான் எழுதியிருக்கிறேன் ஐயா. வெவ்வேறாக எழுத வேண்டும் என்று ஆணையில் இல்லை."

மூன்று அதிகாரிகள் ஆணையைக் கொண்டுவந்து புரட்டினார்கள். அப்படி இல்லைதான். பூலோகநாதர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சுவடி ஆ சரி என்கிறது. ஆவில் இருப்பது இவள் வாக்கியம். இவள் வாக்கியம் பிழை என்றால் சுவடி பிழை என்றாகும். சுவடி பிழை என்று சொல்வது ராஜத் துரோகம், அதற்குத் தண்டனை என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அந்தச் சட்டத்தை எழுதியவரே அவர்தான். கடைசியில் முத்திரையை எடுத்துக் குத்தினார்.

வெயிலாச்சி ஓட்டமும் நடையுமாக ஊர் வந்து சேர்ந்தாள். முத்திரை குத்திய தாள் இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. பிச்சாண்டி கரண்டியைத் தொடாமல் கரைமேல் நின்று வாயால் சொன்னார், நாங்கள் கையால் செய்தோம். ஒன்பது நாள் களிமண் சுமந்தோம். பத்தாம் நாள் மழை பிடித்தது. ஐந்து நாள் விடாமல் கொட்டிக் குளம் நிறைந்து, கரையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. கரை அசையவில்லை. அந்த ஐந்து நாளும் நாங்கள் கும்பிட்ட பெயர்களில் ஞானதிரவியத்தின் பெயரும் ஒன்று.

அவரை அந்த வாரமே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். தேர்ந்தெடுக்க இடமே கொடுக்காமல் தேர்ந்தெடுக்கச் சொன்னது அவர் செய்த குற்றம் என்று உத்தரவில் எழுதியிருந்தது. அவர் எங்கே போனார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. விசாரித்துப் போனவர்களும் வெறும் கையோடு திரும்பினார்கள்.

மார்கழியில் தேர்தல் வந்தது. மன்னரின் சபைக்கு நான்கு அணிகள் போட்டியிட்டன. வழக்கமாக ஒவ்வோர் அணியும் தன் வாக்குறுதியை ஒரு வாக்கியமாக எழுதித் தர, அது சீட்டில் அச்சாகும். இந்த முறை சீட்டை வாங்கிப் பார்த்தால் அ, ஆ, இ, ஈ நான்கிலும் ஒரே வாக்கியம் இருந்தது. பூலோகநாதர் மேடையேறி விளக்கம் அளித்தார்.

"தேர்ந்தெடுப்பதில் தவறிவிடுவோமோ என்ற கவலை இனி எம் மக்களுக்கு வேண்டாம். நீங்கள் எதைத் தொட்டாலும் அதுவே சரி. இத்தகைய வசதி வேறெந்த நாட்டிலும் கிடையாது."

ஜனங்கள் கைதட்டினார்கள். பலர் உண்மையாகவே நன்றி சொன்னார்கள். நாங்கள் கீழ்க்குளத்துக்காரர்கள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நான்காவது வாக்கியத்துக்குக் கீழே விரற்கடை அளவு வெற்றிடம் இருந்தது. முதலில் வெயிலாச்சி வாத்தியாரைக் கேட்டு அதில் எதையோ வரைந்தாள். பிறகு ஒவ்வொருவராக எழுதினோம்.

தேர்தல் முடிந்து ஒரு மாதம் கழித்து, துறைமுகத் தெருவில் குடை பழுது பார்க்கிற கடை ஒன்றில் ஞானதிரவியத்தைக் கண்டுபிடித்தேன். வளைந்த கம்பி ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கம்பியைக் கீழே வைத்தார். அந்தச் சீட்டில் நாங்கள் எழுதியதைச் சொன்னேன். எங்கள் மொழியிலேயே, 'கரை நின்னுச்சு, ஞானதிரவியம் அண்ணாச்சிக்கு நன்றி' என்று எல்லோரும் எழுதியிருந்தோம்.

"பிழையில்லாம யாராவது எழுதினீங்களா?" என்று கேட்டார்.

"ஒருத்தர்கூட இல்ல அண்ணாச்சி. உங்க பேருலயே நாலு எழுத்து மாறிப்போச்சு."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நீங்க என்ன எழுதினீங்கன்னு எனக்கு யாரு சொல்லப்போறா? தண்டோராக்காரன் இந்தத் தெருவழியாத்தான் முடிவு சொல்லிட்டுப் போனான். கீழ்க்குளம், பிழையான வாக்கு முந்நூத்திப் பன்னெண்டுன்னான். அவனை நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னேன். முந்நூத்திப் பன்னெண்டுதான்னான். அந்தம்மா அன்னைக்குச் சொன்ன அதே கணக்கு, ஒண்ணுகூடக் குறையல" என்றார். "அன்னைக்குக் கடையச் சீக்கிரமே சாத்திட்டேன்."