ஆம்பியர் அண்ணனும் வெங்காய ஆட்டோவும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் காலனியில் யார் எப்போது மாவு அரைக்கிறார்கள், யார் புதிதாக ஏசி வாங்கினார்கள், எந்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்பதெல்லாம் உலகத்திலேயே ஒருவருக்குத்தான் தெரியும். வெகுநாள் வரை அவர் அந்தக் காலனிக்குள் கால் வைத்ததே இல்லை.

துணைமின் நிலைய ஆபரேட்டர். நாங்கள் ஆம்பியர் அண்ணன் என்போம். பொன்னேரியிலிருந்து ரயிலில் வந்து நேராகக் கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைவார். மணிக்கொரு முறை மீட்டர் பார்த்து எழுத வேண்டும். மற்றவர்கள் எண்ணை எழுதுவார்கள். இவர் எண்ணோடு பேசுவார். புகார் போனையும் வருடக்கணக்காக அவரே எடுத்ததில் ஊரே மனப்பாடம்.

"சார், கரண்ட் இல்ல."

"மூணாந்தெரு இஸ்திரி கடைதானே? லைன்ல கரண்ட் கீது. உன் ஃபியூஸுதான் போயிகீது. ஈரத் துணில பெட்டிய வெக்காதன்னு எத்தினி தபா சொல்றது?"

உதவிப் பொறியாளராகச் சேர்ந்து நான் நடத்திய முதல் பராமரிப்பு நிறுத்தம். பட்டியலில் பதினேழு வேலைகள். பதினேழிலும் டிக் போட்டுவிட்டு ஒன்றரை மணிக்குக் காலனி லைனுக்கு மின்சாரம் கொடுத்தேன். நாலே விநாடியில் டிரிப் ஆகி லைன் தானாகவே அணைந்தது. லைன்மேன்களோடு லைன் முழுக்க நடந்து பார்த்தேன். பழுது இல்லை. மறுபடி கொடுத்தேன். மறுபடி டிரிப்.

காலனியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் அக்காவின் போன் வந்தது.

"மேடம், ரெண்டரைக்கு அப்ரன்டிஸ் வேலைக்கு ஆன்லைன் டெஸ்ட்டு. முப்பது பசங்க உக்காந்துகினு கீதுங்க. ஜெனரேட்டரும் புட்டுகிச்சி. இத வுட்டா அடுத்த வருசந்தான்!"

மணி இரண்டு ஐந்து. என் பட்டியலில் பதினெட்டாவது வேலை எதுவும் இல்லை.

அண்ணன் சிரித்தார். "லைனு நல்லாத்தான் கீது மேடம். நம்ம ஜனங்கதான் பேஜாரு. கரண்ட் வந்தா தெரியணும்னு அத்தினி சுவிட்சையும் போட்டுட்டு குந்திகினு கீறாங்கோ. எல்லாம் ஒண்ணா இழுத்தா இன்னா ஆவும்?"

வாசலில் வெங்காய ஆட்டோ ஒன்று கூவிக்கொண்டே போனது. அண்ணன் ஓடிப்போய் ஏறி மைக்கைப் பிடுங்கினார். அன்றுதான் முதன்முறையாகக் காலனிக்குள் போனார். அவர் குரல் கன்ட்ரோல் ரூம் வரை கேட்டது.

"மொதல் தெரு பச்ச கேட்டு ஊடு! ரெண்டு பேருக்கு எதுக்கு மூணு ஏசி? ஆஃப் பண்ணு!"

பெரிய வெங்காயம், பெரிய வெங்காயம் என்று ஆட்டோவின் பதிவுக் குரல் இடையில் புகுந்தது.

"ரெண்டாந்தெரு டீச்சரம்மா, மோட்டார ஆஃப் பண்ணுங்கோ! நாலாந்தெரு அண்ணாத்த, ஹீட்டர்! மத்தியானம் ரெண்டு மணிக்கு யாருய்யா வெந்நீர்ல குளிக்கறது?"

"நீ யாருய்யா?" என்று யாரோ கத்தினார்கள்.

"உங்க ஊட்டு கரண்ட்டுய்யா நானு!"

அடுத்து நம் வீட்டு மானம் போகுமோ என்ற பயத்தில் தெருத்தெருவாக ஜனங்கள் சுவிட்சைத் தேடி உள்ளே ஓடினார்களாம். இரண்டு இருபதுக்கு அண்ணனின் போன்: "இப்ப குடுங்க மேடம்."

கொடுத்தேன். மீட்டர் முள் ஏறியது, நடுங்கியது, நின்றது. நாலு விநாடி. பத்து. ஒரு நிமிடம். சென்டரில் முப்பது திரைகளும் எரிந்தன என்று அக்கா போனிலேயே விசில் அடித்தார்.

தேர்வு முடிந்து பிள்ளைகள் எங்கள் கேட்டுக்கு வந்து, "ஆம்பியர் அண்ணே!" என்று கூச்சல் போட்டார்கள். அண்ணன் திருதிருவென்று விழித்தார்.

"யாரு மேடம் இவங்கள்லாம்?"

"நம்ம காலனிதான் அண்ணே."

"அட, இம்மாம் பேரா!" ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருடைய ஷிஃப்ட் இரண்டு மணிக்கே முடிந்திருந்தது. நான் அதை ஞாபகப்படுத்தவில்லை. அவருக்கு இன்னொரு டீ ஊற்றி வைத்தேன்.