அடையாற்றில் ஓர் அயர்லாந்துச் சீப்பு

தங்களுக்குப் பேய் பயம் கிடையாது என்று சொல்கிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எல்லோரும் அதைப் பகலில்தான் சொல்வார்கள். அதுவும், கூட நாலு பேர் இருக்கும்போது. இருபத்திரண்டு வயதில் நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். அடையாற்றில் ஒரு மாலை வேளையில் கட்சி மாறினேன். இன்றுவரை பழைய கட்சிக்குத் திரும்பவில்லை.

அறுபதுகளின் கடைசி. பி.ஏ. முடித்துவிட்டு மயிலாப்பூரில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது வெளியில் தெரியாமலிருக்க அந்தக் காலத்துப் பையன்கள் எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன், டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். மாடவீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது அந்த இன்ஸ்டிட்யூட். அங்கே ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்க ஓர் அம்மையார் வருவார். மிஸ் டெலனி. ஐம்பதைத் தாண்டியவர். பூப்போட்ட கவுன், வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை.

அவருடைய தாத்தா அயர்லாந்திலிருந்து சிப்பாயாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மிஸ் டெலனி பிறந்தது பெரம்பூரில். அதிகபட்சம் போனது அரக்கோணம். (அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. இலவச பாஸ் உண்டு. இருந்தும் அரக்கோணம்தான்.) ஆனால் வாயைத் திறந்தால் அயர்லாந்து. அங்கே புல் எவ்வளவு பச்சை, மழை எவ்வளவு மெல்லியது என்றெல்லாம் முந்தாநாள் கப்பலிலிருந்து இறங்கியவர் மாதிரி சொல்வார். அந்த நாட்டில் பாம்பே கிடையாதாம். பாட்ரிக் என்ற புனிதர் அத்தனை பாம்புகளையும் கடலுக்குள் விரட்டிவிட்டாராம். அவர் அடையாறு வரைக்கும் வராமல் விட்டதில் மிஸ் டெலனிக்கு வருத்தம் உண்டு. அவர் தோட்டத்தில் நல்ல பாம்பு சர்வசாதாரணம்.

மார்ச் பதினேழு அந்தப் புனிதரின் திருநாள். அன்று மாலை தன் வீட்டுக்கு வரும்படி மிஸ் டெலனி என்னை அழைத்தார். அவருடைய அண்ணன் டெரன்ஸ் வருகிறார். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் மேனேஜர். அவருக்கு ஒரு குமாஸ்தா தேவை. ஆளைப் பார்த்துப் பிடித்துவிட்டால் வேலை நிச்சயம் என்றார். நான் பச்சை நிறத்தில் ஏதாவது உடுத்தி வர வேண்டும், கூடவே ஷாம்ராக் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஷாம்ராக் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. மூன்று இலை சேர்ந்த குட்டிச் செடி ஒன்றை அவரே காகிதத்தில் வரைந்து கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு குளத்தங்கரையில் கீரை விற்கும் அம்மாவிடம் போனேன். அந்தம்மா படத்தை ஒரு தடவைதான் பார்த்தார்.

"இது புளியாரைப்பா. மூலத்துக்கு நல்லது. யாருக்கு?"

அயர்லாந்துக்கு என்று சொல்லத் துணிவில்லாமல் "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் கொத்தமல்லி பேரம் பேசிக்கொண்டிருந்த எங்கள் தெரு மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். (அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க என் மேல் இரக்கம் கொண்டுவிட்டது.)

பாண்டி பஜாரில் எடுத்த கிளிப்பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். திருச்செந்தூர் முருகனுக்குப் பச்சை சாத்தின மாதிரி இருக்கிறது என்றார் அப்பா. புகழ்ந்தாரா இல்லையா என்று தெரியவில்லை. புளியாரைக் கட்டோடு பஸ் ஏறினேன்.

பாலத்தைத் தாண்டி இறங்கினால் அடையாறு அப்போது பாதி காடு. மிஸ் டெலனியின் வீடு ஆறு கடலில் சேரும் பக்கம், ஒரு மணல் பாதையின் கோடியில் இருந்தது. இரண்டு பக்கமும் சவுக்கு மரங்கள். சவுக்குத் தோப்பில் காற்று எழுப்பும் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாரோ பெருமூச்சு விடத் தொடங்கி, முடிக்காமலே போவது போல இருக்கும். பாதையில் ஒரு மனிதர் இல்லை. நான் நடந்தால் எனக்குப் பின்னால் மணல் இன்னொரு தடவை நறநறத்தது. திரும்பிப் பார்த்தால் என் கால் தடம் மட்டும்தான் இருந்தது.

கேட்டுக்கு வெளியே மணலில் ஒரு சீப்பு கிடந்தது. மரச் சீப்பு, ஒரு பல் கூட உடையவில்லை. காற்றில் என் தலை கலைந்து போயிருந்தது. வேலை கேட்டுப் போகிறவன் என்ன செய்வான்? எடுத்துத் துடைத்து, வாரிக்கொண்டு, உள்ளே யாருடையதாவது இருக்கும், கொடுத்துவிடலாம் என்று சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

கூடம் உயரமாக, இருட்டாக இருந்தது. சுவரில் தாத்தா டெலனியும் அப்பா டெலனியும் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தார்கள். வீட்டில் எல்லா ஜன்னல்களும் திறந்திருக்க, ஆற்றைப் பார்த்த ஒன்று மட்டும் சாத்தியிருந்தது. அதன் பக்கத்து நாற்காலியில் டெரன்ஸ் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, சிவந்த முகம். போன வருஷம்தான் நெஞ்சுவலி வந்து பிழைத்தவர் என்று மிஸ் டெலனி முன்பே சொல்லியிருந்தார். தவக்காலமானாலும் அன்றைக்கு மட்டும் நோன்புக்கு விலக்கு உண்டாம். மதுவிலக்கு இருந்த அந்தக் காலத்தில் உடம்புக்கென்று பர்மிட் வாங்கிய பிராந்தி முன்னால் இருந்தது.

மிஸ் டெலனி புளியாரையைப் பார்த்துக் கண் கலங்கினார். அதை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, தாத்தாவின் நினைவாக வெளி வராந்தாவில், அந்தச் சாத்திய ஜன்னலுக்கு நேராக வைத்துவிட்டு வந்தார். டெரன்ஸ் என்னிடம் டைப்ரைட்டிங் வேகம் கேட்டார், கணக்கு வருமா என்றார். எல்லாம் நன்றாகவே போனது. அவர் கைகுலுக்க எழுந்தார். நானும் எழுந்து குனிந்தேன். பையிலிருந்த சீப்பு மேஜை மேல் விழுந்தது.

டெரன்ஸின் நீட்டிய கை அப்படியே நின்றது. சீப்பின் பற்களில் மிக நீளமான ஒற்றை முடி சிக்கியிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். எங்கே கிடைத்தது என்று மிஸ் டெலனி மெல்லிய குரலில் கேட்டார். கேட்டுக்கு வெளியே, தரையில் என்றேன். டெரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் எனக்கு விஷயம் சொல்லப்பட்டது. அயர்லாந்தின் பழைய குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கொரு கூந்தல்காரிப் பேய் உண்டு. வெளுத்த உடை, விரித்த தலை. ஆற்றோரம் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருப்பாள். அந்தக் குடும்பத்தில் ஒருவர் சாகப் போகிறார் என்றால் முதல் நாளே வந்து வீட்டைச் சுற்றி அழுவாள். (நம் ஊரில் செத்த பிறகுதான் ஒப்பாரி. அங்கே முன்பதிவு.) அவள் சீப்பு தரையில் கிடந்தால் எந்த அயர்லாந்துக்காரனும் தொட மாட்டான். தொட்டால் அதைத் தேடிக்கொண்டு அவள் வந்துவிடுவாள். தன் அப்பா இறப்பதற்கு முதல் நாள் இதே ஜன்னலுக்கு வெளியே அந்த அழுகையைத் தான் கேட்டதாக மிஸ் டெலனி சொன்னார். அப்போது அப்பா உட்கார்ந்திருந்தது அந்த நாற்காலியில்தான்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். நான் பி.ஏ. ஆனால் வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. விளக்குப் போட யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்போது அது கேட்டது.

தூரத்தில், ஆற்றுப் பக்கத்திலிருந்து, ஒரு பெண் குரல். வார்த்தை எதுவும் புரியவில்லை. நீளமாக ஓர் "ஈ..." எழுந்து, காற்றில் நடுங்கி, இறங்கி அடங்கியது. சவுக்குத் தோப்பு அதை வாங்கிப் பெருமூச்சாக விட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வந்தது. முதலில் கேட்டதைவிடக் கிட்டத்தில். டெரன்ஸின் சிவந்த முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிற்று. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மிஸ் டெலனி ஜெபமாலையை எடுத்தார். நான் அந்தக் கிளிப்பச்சைச் சட்டைக்குள் வியர்த்து ஒழுகினேன். அந்த மனிதர் அங்கேயே செத்துப்போனால், அவளைக் கூப்பிட்டுக் கொண்டுவந்தவன் நான்.

மூன்றாவது முறை குரல் தோட்டத்துக்குள் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. நின்றது அதைவிடப் பயங்கரமாக இருந்தது. ஏனென்றால் இப்போது சாத்திய ஜன்னலுக்கு வெளியே, மிக அருகில், யாரோ எதையோ நிதானமாக மென்று தின்னும் சத்தம் கேட்டது.

சீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார் மிஸ் டெலனி. கையால் கூடாது. கையால் நீட்டிய ஒருவனுக்குச் சீப்போடு கையும் போயிற்றாம். இரும்பு இடுக்கியில் பிடித்து ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். அவரே சமையலறைக்குப் போய் இடுக்கியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எடுத்தவன்தானே கொடுக்க வேண்டும். நியாயம்தான்.

முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஜன்னல் கதவை ஒரு சாண் திறந்து, இடுக்கியை வெளியே நீட்டினேன். காயத்ரி, கந்த சஷ்டி, சிறுவயதில் படித்த வாய்ப்பாடு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் முணுமுணுத்தேன். மெல்லும் சத்தம் நின்றது. ஒரு மூச்சு கேட்டது. பிறகு ஏதோ ஒன்று இடுக்கியின் மறுமுனையைப் பற்றி இழுத்தது.

அடுத்த கணம் நடந்ததை நான் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் போட்ட கூச்சலில் தாத்தா டெலனியின் படம் கோணிக்கொண்டதாம். பின்னால் சாய்ந்து, மேஜை மேல் விழுந்து, பிராந்தியோடும் கேக்கோடும் டெரன்ஸின் காலடியில் போய்ச் சேர்ந்தேன். ஜன்னல் கதவு முழுசாகத் திறந்துகொண்டது. மங்கலான வெளிச்சத்தில் வெளுத்த புடவையும், இடுப்பு வரை விரிந்த ஈரத் தலையுமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, சீப்ப இடுக்கில புட்ச்சி நீட்ற? நான் இன்னா கொள்ளிக்கட்டையா? கைல குட்தா ஒட்டிக்குமா?"

மிஸ் டெலனி முதல் வேலையாக விளக்கைப் போட்டார். முகத்துவாரத்துக் குப்பத்தைச் சேர்ந்தவள் அவள். தலைக்குக் குளித்துவிட்டு வாரிக்கொண்டிருந்தபோது ஆடு அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது. பின்னாலேயே ஓடி வந்ததில் சீப்பு எங்கேயோ விழுந்திருக்கிறது. ஆட்டின் பெயர் ராணி. "ராணீ..." என்று அவள் தோப்பெல்லாம் தேடியதில் கடைசி எழுத்து மட்டும்தான் எங்களை வந்தடைந்திருக்கிறது. ராணி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தது. கிண்ணம் காலி. அயர்லாந்தின் கடைசி மூன்று இலை அதன் வாயோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் ஆட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். இதெல்லாம் தெரிந்ததுதான் என்கிற மாதிரி ஒரு பார்வை. பேயாக இருந்திருந்தாலே தேவலை என்று தோன்றியது. அயர்லாந்துக் கதையை அவளுக்கு எப்படி விளக்குவது? யோசித்துப் பார்த்தேன். வழியில்லை. தரையில் விழுந்திருந்த சீப்பை எடுத்து, என் சட்டையில் கேக் படாத இடமாகப் பார்த்துத் துடைத்து, வெளியே போய் அவள் கையில் கொடுத்தேன். விரல்கள் பட்டன.

"ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஆட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே வந்தால் டெரன்ஸ் குலுங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சுவலிதான் என்று பயந்துபோனேன். சிரிப்பு. கண்ணில் நீர் வழியச் சிரித்து முடித்து, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடு என்றார். ஏன் எடுத்தீர்கள் என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். அன்று அந்த அறையில் அவரைவிட மோசமான நிலையில் இருந்தவன் நான் ஒருவன்தானாம். அதைப் பார்த்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டதாம். மனிதர் அதன் பிறகு ரொம்ப வருஷம் இருந்தார்.

நான் செய்த தவறு இதையெல்லாம் கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் சொன்னதுதான். சண்டை நாட்களில் காபி டம்ளர் இடுக்கியில் வர ஆரம்பித்தது. அது வீட்டோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. என் பெண்ணின் கல்யாணத்தில் கைத்தலம் பற்றச் சொன்னார் சாஸ்திரிகள். கூச்ச சுபாவம் உள்ள மாப்பிள்ளை, இரண்டே விரலால் என் பெண்ணின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டார்.

நாதஸ்வரம் ஒரு கணம் ஓய்ந்த நேரம் பார்த்து, "ஏன் மாப்பிள்ளே, உள்ளேயிருந்து இடுக்கி கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் என் மனைவி.

எங்கள் பக்கத்து உறவு மொத்தமும் மணையைச் சுற்றி நின்று சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணே கதையைத் தொடங்கிவிட்டாள். அவள் சீப்பு வரைக்கும் வருவதற்குள் முகூர்த்தம் தப்பிவிடும் என்று சாஸ்திரிகள் கவலைப்பட்டார்.