மஞ்சள் அறையும் பத்து மணிச் சீட்டும்

பெயிண்ட் கடை,
வியாழக்கிழமை

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவோடு எழுதிக்கொள்வது. தங்கள் மகள் நலம். தங்கள் பேத்தியும் இப்போது நலம். ‘இப்போது’ என்றதைப் பார்த்துப் பதறி வண்டி ஏறிவிட வேண்டாம், முழுதும் படித்துவிட்டுப் பதறுங்கள்.

குழந்தைக்கென்று என் கையாலேயே கலந்து அறைக்கு இளமஞ்சள் இரண்டு கோட்டு அடித்து வைத்திருந்தேன் அல்லவா, பிரசவமான இரண்டாம் நாளே ஆஸ்பத்திரியில் “எல்லாம் நல்லாருக்கு, ஏதாவதுன்னா வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள், நாலாம் நாள் உங்கள் மகள் “என்னங்க, பாப்பா மஞ்சளா இருக்கா” என்றாள், இருபது வருஷமாக நிறம் பார்த்தே பிழைக்கிற நான் சும்மா இருப்பேனா, கடையில் பெயிண்ட் நிறங்களைக் காட்டும் ஷேடு கார்டைக் கொண்டுவந்து குழந்தையின் கன்னத்தருகே பிடித்துப் பார்த்து, “சுவத்து நிறம்தான் அடிக்குது, பயப்படாதே” என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். மறுநாள் பாலுக்குக்கூட எழாமல் குழந்தை தூங்கவே, உங்கள் மகள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவளை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போனாள். அங்கே சுவர் இல்லை, மஞ்சள் மட்டும் இருந்தது. மாமா, அடுத்த நிமிஷமே வண்டியை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் காமாலையாம், அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. “இன்னும் விட்டிருந்தா மூளையையே பாதிச்சிருக்கும்” என்றார் தலைமை நர்ஸ். கண்ணைக் கட்டி இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். நான் ஷேடு கார்டை நீட்டி விளக்கப்போக, “இதை வெச்சு சுவத்தைப் பாருங்க. குழந்தைக்கு ரத்தத்தைத்தான் பாக்கணும்” என்றார். விடுவேனா, “நீங்க மட்டும் என்னவாம்? ஏதாவதுன்னா வாங்கன்னா, எது ஏதாவதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அனுப்பும்போதே தேதியும் நேரமும் எழுதிக் குடுங்க, வராதவங்களுக்கு அன்னைக்கே போன் பண்ணுங்க” என்று ஒரு பிடி பிடித்தேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், நோட்டில் எழுதிக்கொண்டு என்னைப் பெரிய டாக்டரிடமே கூட்டிப்போய்விட்டார். மறுநாளே அது நடைமுறைக்கு வந்துவிட்டது, மாமா. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் சீட்டே நம் பாப்பாவுக்குத்தான், வியாழன் காலை பத்து மணிக்கு மறு பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார்கள். “திட்டம் போட்ட எனக்கே சீட்டா” என்று கேட்டேன். நர்ஸ் சிரித்தார்.

இந்தச் சந்தோஷத்தை உடனே தங்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று, விடிந்ததிலிருந்து வாடிக்கையாளர்களைக்கூடக் கவனிக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். பேத்திக்குத் தங்கள் ஆசியும் எனக்குத் தங்கள் பாராட்டும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்

பி.கு.: உறையை ஒட்டும்போது போன் வந்தது. “மணி பதினொண்ணு ஆச்சு. பத்து மணிக்கு வரச் சொன்னோமே, ஏன் வரலை?” என்றார் தலைமை நர்ஸ். திட்டத்தின் முதல் போனும் எனக்குத்தான். வீட்டுக்கு ஓடினால், உங்கள் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்போடு வாசலில் நிற்கிறாள். போய்வந்துவிட்டோம், அளவு நன்றாக இறங்கிவிட்டது. மேலே என்னைப் பற்றிப் பெருமையாக எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு, அங்கெல்லாம் உங்கள் மகள், நர்ஸ் என்று போட்டுப் படித்துக்கொள்ளவும்.