இரண்டாவது குடையைச் சோதித்த விவரம்

திண்டிவனம்,
18-10-1986

விழுப்புரம் மல்லாட்டை மண்டி சீனுவாசன் அவர்களுக்கு, சம்பந்தி என்று எழுதலாமா கூடாதா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபின் தாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதால், இப்போதைக்கு ஐயா என்றே விளிக்கும் கோதண்டபாணியின் வணக்கம். இங்கு நானும் என் மனைவி கோவிந்தம்மாளும் நலம். அங்கு தாங்களும் வீட்டம்மாளும் குழந்தை செண்பகமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

தங்கள் கடிதம் கிடைத்தது. என் மகன் தேவநாதன் பட்டாளத்தில் பாராசூட் பிரிவில் இருப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் குடை நன்றாக இருந்தால் வயிற்றில் இன்னொரு குடை எதற்கு, அப்படி ஒன்று வேண்டும் என்றால் முதல் குடையின்மேல் அவர்களுக்கே நம்பிக்கை இல்லையா, போகட்டும், அந்த இரண்டாவதையாவது யாராவது சோதிக்கிறார்களா, அது உடம்புக்குச் சரியாகப் பொருந்துகிறதா, இதையெல்லாம் நானே கண்ணால் பார்த்துத் திருப்தி என்று எழுதினால்தான் கார்த்திகையில் நிச்சயதார்த்தம், இல்லாவிட்டால் செண்பகத்தைக் கொடுக்க மனசு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெண்ணைப் பெற்றவர் கேட்க வேண்டியதுதான், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கோவிந்தம்மாள்தான் "குடைன்னு எழுதிக்கினு இருக்காரே, எம்புள்ள இன்னா மழைக்கா போறான்" என்று கொஞ்சம் சத்தம் போட்டாள். நான் முப்பத்தொரு வருஷம் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டிப் பார்த்து, போகலாம் போகக்கூடாது என்று சொன்னவன். சோதனை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்பதைத் தாங்கள் நம்பலாம்.

நல்ல வேளையாகப் பையன் ஆயுத பூஜைக்கு லீவில் வந்தான். மதராஸில் ஏதோ கண்காட்சியில் வைப்பதற்கென்று ஒரு பழைய ரிசர்வ் பாராசூட்டையும், அதை உடம்பில் மாட்டும் வார்களையும் கொண்டுவந்திருந்தான். ரிசர்வ் என்பதுதான் தாங்கள் சொல்லும் இரண்டாவது குடை. தலையணை அளவில் ஒரு பை, வயிற்றின்மேல் இரண்டு கொக்கியில் மாட்டவேண்டும். அதில் ஒரு சிவப்புக் கைப்பிடி. முதல் குடை விரியாவிட்டால் அதைப் பிடித்து இழுத்தால் இது விரியும். நான் தங்கள் கடிதத்தைக் காட்டினேன். அவன் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துக் கொடுத்தான். பிறகு, "கேக்கறது நியாயந்தானேப்பா" என்று சொல்லிப் பையைக் கட்டிலில் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினான். கைப்பிடியோடு சேர்ந்த ஊசி வளைந்திருக்கக் கூடாது, அதன்மேல் கட்டிய சிவப்பு நூல் அறுந்திருக்கக் கூடாது, உள்ளே செருகிய அட்டையில் கடைசியாகப் பிரித்து மடித்த தேதி இருக்கும், கெடு தாண்டியிருந்தால் துணி புதுசாகவே இருந்தாலும் தொடக் கூடாது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். கொக்கிகளை என் பழைய சுத்தியால் தட்டியும் பார்த்தேன். "அப்பா, இது வண்டி இல்லப்பா" என்றான். சத்தம் சுத்தமாக இருந்தது, விரிசல் இல்லை.

பொருத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா, அதற்காக நானே மாட்டிப் பார்த்தேன். பையன் மாட்டி நான் பார்த்தால் அது சோதனையாகாது. தோளில் ஒரு வார், நெஞ்சில் ஒரு வார், தொடைக்கு இரண்டு, எல்லாவற்றையும் அவன் இழுத்து இறுக்க இறுக்க என்னால் நிமிர முடியவில்லை, முழங்கால் மடங்கிவிட்டது. "நிமுந்து நிக்க முடிஞ்சா லூசுன்னு அர்த்தம். குனிஞ்சாப்ல இருந்தாத்தான் கரெக்டு" என்றான். அந்த நிலையில், வயிற்றில் பையுடன் நான் கூடத்தில் குனிந்து நிற்கும்போது தபால்காரர் வந்துவிட்டார். "இன்னா நைனா, இந்த வயசுல" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். தெருவில் இதுபற்றி ஏதாவது பேச்சு தங்கள் காதுக்கு வந்திருந்தால் விஷயம் இவ்வளவுதான். பொருத்தம் திருப்தி.

மறுநாள் ஆயுத பூஜை. வீட்டில் இருக்கும் அரிவாள், கடப்பாரை, என் சுத்தி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். பையன் பூ வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், கோவிந்தம்மாள் பிள்ளையைக் காப்பாற்றும் பொருளுக்கு இல்லாத பூஜையா என்று அந்தப் பைக்கும் மூன்று பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்ட இடம் தேடியிருக்கிறாள். அந்தப் பையில் கயிறு கட்டத் தோதான இடம் ஒன்றுதான், அது அந்தச் சிவப்புக் கைப்பிடி. கட்டினாள். பூ வரும்வரை காத்திராமல் கற்பூரம் காட்டி முடித்து, பழத்தை நசுக்கச் சைக்கிள் சக்கரத்துக்கு அடியில் வைக்கலாம் என்று அதைப் பிடித்து இழுத்தாள். அவள் கட்டின முடிச்சு அவிழவில்லை, கைப்பிடிதான் வந்தது. உள்ளிருந்து ஸ்பிரிங் வைத்த சின்னக் குடை ஒன்று எகிறிப்போய்ச் சுவரில் இருந்த காலண்டரில் அடித்து விழுந்தது, அதன் பின்னாலேயே வெள்ளைத் துணி வர ஆரம்பித்தது. கூடம் நிறைந்து, நடை நிறைந்து, சைக்கிள் மறைந்தது. கோவிந்தம்மாள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் பழத்தத்தான இஸ்தேன், இது ஏன் இப்டி கோவிச்சிக்கிது" என்றாள். இதிலிருந்து ஒரு விஷயம் உறுதியாகிறது. இழுத்தால் விரிகிறது. எந்த முன்னேற்பாடும் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை ஒரு கையால் இழுத்து விரிந்தது.

அடுத்த வீட்டுத் தையல்நாயகி ஓடிவந்து துணியைத் தொட்டுப் பார்த்து, இதில் எத்தனை ஜாக்கெட் வரும் என்று முழம் போட ஆரம்பித்தாள். குங்குமக் கறையைப் போக்கக் கோவிந்தம்மாள் சவுக்காரம் கரைக்கப் போனாள். அதற்குள் பையன் பூவோடு வந்து நின்றான். திட்டவில்லை. முகம்தான் வெளுத்துவிட்டது. "யாரும் தண்ணி படாம பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லி, நீளமாக விரிக்க இடம் வேண்டும் என்று பின்னால் கேப்பை அறுத்த கொல்லையில் பாய்களை வரிசையாகப் போட்டான். துணி மண்ணில் படக்கூடாதே என்று கயிறுகளை நான் மணிக்கட்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அது பிசகு. அந்த நேரம் பார்த்து ஏரிப்பக்கமிருந்து காற்று வந்து, துணி உப்பி, நான் கொல்லையின் இந்தக் கோடியிலிருந்து வேலி வரைக்கும் போய்விட்டேன். பங்காளி பெரியதம்பி ஓடிவந்து துணியின்மேல் உட்கார்ந்ததால் வேலியோடு நின்றது. என் வேட்டி வேலியில் நின்றுவிட்டது. என்னுடைய எடை எழுபத்தெட்டு கிலோ. ஒரு நூல்கூடத் தெறிக்கவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ளவும்.

அதற்கப்புறம் நடந்ததை எழுத எனக்குச் சரியாக வரவில்லை. பையன் மண்டியிட்டு உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தான். துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓரம் ஓரமாக ஓட்டை தேடினான், கயிறுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பிரித்தான், பிசகினால் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினான். ரெண்டு மணி நேரம். அம்மா வைத்த காபியில் ஆடை படிந்தது. சின்ன வயசில் சட்டைப் பித்தானைக்கூட மாற்றிப் போடுகிறவன் இவன். முப்பத்தொரு வருஷம் நான் சக்கரம் தட்டினேனே, இந்தக் கவனம் எனக்கு இருந்ததா என்று தெரியவில்லை. பெருமையாக இருந்தது, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் புது நூல் கட்டி, அட்டையில் தேதியும் கையெழுத்தும் போட்டான். "கையெழுத்து போட்டுட்டா இதுக்கு நாந்தான் பொறுப்பு" என்றான். இதுவரை எத்தனை தடவை குதித்திருக்கிறாய், சம்பந்திக்கு எழுதவேண்டும் என்று கேட்டேன். மீந்த நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததால் அவன் பதில் சொல்லவில்லை. ஏழு வருஷ சர்வீஸுக்கு நூறுக்குக் குறையாது என்று தாங்கள் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே என் கண்ணால் பார்த்தும், தட்டியும், மாட்டியும், இழுபட்டும் சொல்கிறேன். இரண்டாவது குடை முழுத் திருப்தி. பையன் குதிப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. கார்த்திகையில் நாள் பார்க்கலாம். வீட்டம்மாளுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். குழந்தை செண்பகம் தீர்க்காயுசாக, மஞ்சளும் குங்குமமுமாக இருக்க மேல்மலையனூர் அம்மன் துணை.

இப்படிக்கு,
மு. கோதண்டபாணி

பின்குறிப்பு: கவரில் பசை தடவுமுன் பையன் இதைப் படித்தான். படித்துவிட்டு, "அப்பா, நான் ஒரு தடவகூடக் குதிச்சதில்ல" என்றான். அவன் வேலை மடிப்பது. மடிப்பதும், சோதிப்பதும், கையெழுத்துப் போடுவதும்தான். குதிப்பது வேறே ஆட்களாம். ஊரில் நாங்கள்தான் குதிக்கிறான் என்று சொல்லிக்கொண்டோம், அவன் இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். செண்பகம் தன் தோழிகளிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டதாக அவனுக்கு எழுதியிருந்தாளாம், அதற்கப்புறம் சொல்ல வாயே வரவில்லையாம். ஏழு வருஷம் அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போனவள் கோவிந்தம்மாள். "அப்போ நான் யாருக்குடா வேண்டிக்கினு இருந்தேன்" என்று அழுதாள். "நான் மடிச்சத நம்பிக் குதிச்சவங்களுக்கு. பதினோரு பேரு ரிசர்வ இழுத்து உசுரோட எறங்கினாங்கம்மா" என்றான். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் ஒருமாதிரி ஆகிவிட்டது. மேலே குதிப்பதாக நான் எழுதியிருக்கும் இடங்களை அடித்துவிட்டுப் படிக்கவும், திரும்ப எழுதக் காகிதம் இல்லை. செண்பகத்திடம் தானே நேரில் சொல்லிவிடுவதாகப் பிடிவாதம் பிடிக்கிறான், ஆகையால் தபாலில் போடாமல் அவன் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். இதைத் தாங்கள் படிக்கும்போது எதிரில் வியர்த்துக்கொண்டு நிற்பவன் அவன்தான். இப்போதுதான் முதல் தடவையாகக் குதிக்கிறான், கொஞ்சம் பார்த்துக்கொள்ளவும்.